லொறிச் சாரதியின் தொழிலறம்



தொழிலின் மேன்மையைப் பற்றிப் பேசுவோர் உழவரை நினைப்பர், ஆசிரியரை நினைப்பர், வைத்தியரை நினைப்பர். லொறிச் சாரதியை நினைப்பவர் மிகச் சிலர். ஆயினும் நமது அடுப்பங்கரைக்கு வரும் அரிசியும் பருப்பும், நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும், வீடு கட்டுவதற்கான சீமெந்தும் கம்பியும், ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு லொறியில் ஏறி இறங்காமல் நம்மை வந்து அடைவதில்லை. அந்த லொறியை ஓட்டி வந்தவரின் முகம் நமக்குத் தெரியாது. அவர் கையில் என்ன வித்தை இருக்கிறது, அவர் மனத்தில் என்ன கவனம் இருக்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இலங்கைத் தமிழிலே அவரை நாம் சாரதி என்கிறோம். பாரதப் போரிலே கண்ணபிரான் விரும்பி ஏற்ற பதவியின் பெயர் அது. பெயரைப் பெரிதாகக் கொடுத்துவிட்டோம். மதிப்பை அந்த அளவுக்குக் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி. சாரதியின் தொழிலிலே ஒரு சிறு பகுதியை மாத்திரம் எடுத்து, அதன் வழியாக அவரது தொழிலறத்தை நோக்குவது இன்றைய பேச்சின் நோக்கம். அந்தச் சிறு பகுதி, கையினாலே கியர் மாற்றுவது.

கியர் என்பது எதற்காக? கிணற்றுத் துலாவை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. துலாவிலே ஒரு பக்கத்து நீளத்தைக் கூட்டி மறுபக்கத்து நீளத்தைக் குறைத்தால், சிறிய வலிமையைக் கொண்டு பெரிய பாரத்தைத் தூக்கலாம்; ஆனால் நாம் அதிக தூரம் இழுக்க வேண்டும். வலிமையைப் பெற வேண்டுமாயின் வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். லொறியின் கியர்ப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் செய்வதும் இதே பண்டமாற்றுத்தான். சிறிய சக்கரம் பலமுறை சுழன்று பெரிய சக்கரத்தை ஒருமுறை சுழற்றும்போது வேகம் குறைகிறது. சுழற்றும் வலிமை பெருகுகிறது. நின்ற லொறியை நகர்த்தவும் மலை ஏறவும் முதலாம், இரண்டாம் கியர்கள். சமதரையில் விரைந்து செல்ல மேல் கியர்கள்.

டீசல் எஞ்சினுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அது பெரும் பாரத்தை இழுக்கவல்லது. ஆனால் மிகக் குறைந்த வேகத்திலும் மிகக் கூடிய வேகத்திலும் அதனால் நன்கு உழைக்க முடியாது. நடுவே உள்ள ஒரு குறுகிய எல்லைக்குள் அதை வைத்திருப்பது சாரதியின் கடமை. ஆகவேதான் காருக்கு நாலைந்து கியர்கள் போதுமாக, அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரும் லொறிகளுக்குப் பத்தும், பதின்மூன்றும், பதினெட்டுமாகக் கியர்கள் அமைந்தன.

இந்த அமைப்பின் வரலாறும் சுவையானது. 1891ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் தேசத்திலே பன்ஹார்ட், லெவசோர் என்னும் இரு பொறியியலாளர்களின் தொழிற்சாலையில், பற்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும் கியர்ப்பெட்டியை மோட்டார் வண்டியில் அமைத்தார்கள். பின்வந்த வண்டிகள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. ஆனால் அதிலே ஒரு தொல்லை இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும்போது, வேகங்கள் ஒத்துவராவிட்டால் பல்லோடு பல் மோதி அலறும். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். வேகங்களைத் தானே ஒத்துப்போகச் செய்யும் ஓர் அமைப்பை 1928ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கடிலாக் கார்கள் கொண்டுவந்தன. கார்களுக்கு வந்த அந்த வசதி லொறிகளுக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை, வேகங்களை ஒத்துப்போகச் செய்த கருவி சாரதியின் காதும் காலும் கையுமே.

அவர் அதை எவ்வாறு செய்தார்? மேல் கியரிலிருந்து கீழ்க் கியருக்கு இறங்க வேண்டும் என்று கொள்வோம். முதலில் கிளச்சை மிதிப்பார். கியர் லீவரை நடுநிலைக்குக் கொண்டுவருவார். கிளச்சிலிருந்து காலை எடுப்பார். அக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தி எஞ்சினின் வேகத்தை உயர்த்துவார். மீண்டும் கிளச்சை மிதிப்பார். இப்போது லீவரைக் கீழ்க் கியரிலே இடுவார். இத்தனையும் நாம் சொல்லி முடிக்கும் நேரத்தில் நடப்பவை அல்ல. ஒரு மூச்சு விடும் நேரத்திலே நடந்து முடிபவை. இதற்கு இரட்டைக் கிளச்சு என்று பெயர். அக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அளவுகோல் இல்லை. எஞ்சினின் ஒலியைக் கேட்டு, சரியான சுருதி வந்ததும் லீவரைத் தள்ள வேண்டும். வானொலியில் சங்கீதம் கேட்கும் நேயர்களுக்குச் சுருதி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுருதி சேர்ந்துவிட்டால் லீவர் வெண்ணெயிலே கத்தி இறங்குவது போல இறங்கும். சேராவிட்டால் இரும்பு அலறும்.

இந்த வித்தையைக் கற்பித்த பள்ளிக்கூடம் லொறியின் இடப்பக்கத்து இருக்கை. கிளீனராகச் சேரும் இளைஞன் முதலிலே கற்பது பாரம் ஏற்றுவதும், கயிறு கட்டுவதும், தார்ப்பாய் போர்ப்பதும், சில்லுக்குக் கல் வைப்பதும். பக்கத்தில் அமர்ந்து செல்லும்போது அவன் காது பழகுகிறது. எந்த வளைவுக்கு முன் சாரதியின் கை லீவருக்குப் போகிறது, எந்த ஒலி வந்ததும் கால் அசைகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்த பின்னரே, ஆளில்லாத வெளியிலே ஒருநாள் ஓட்டுவளையம் அவன் கைக்கு வருகிறது. அங்கே பாடநூல் இல்லை, பொறுமையே பாடம்.

இனி, இந்தக் கைப்பழக்கம் அறமாக மாறும் இடத்துக்கு வருவோம். அந்த இடம் மலைப்பாதை.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியிலே கடுகண்ணாவை என்னும் கணவாயைக் கடக்காத இலங்கையர் குறைவு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவ்வீதியின் வேலையை நடத்தியவர் டோசன் என்னும் பொறியியலாளர். பாறையைக் குடைந்து வழி செய்த அவர் 1829ஆம் ஆண்டில் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் கணவாயின் உச்சியில் நிற்கிறது. 1867ஆம் ஆண்டிலே கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை, மலைநாட்டின் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளிலே அவ்வழியாகத்தான் கொழும்புக்கு இறங்கின. இறக்கத்திலே பாரம் முன்னே தள்ள, அதைத் தாங்கித் தாங்கி நடந்த மாடுகளின் பாடு நம்மால் எண்ணிப் பார்க்கக் கூடியதே. இன்று லொறியிலே அந்த மாடுகளின் வேலையைச் செய்வது கீழ்க் கியர்.

ஏற்றத்தில் பிழை செய்தால் எஞ்சின் திணறும், லொறி நிற்கும், பெரும்பாலும் அவ்வளவே. இறக்கத்தில் பிழை செய்தால் உயிர் போகும். ஒரு கணக்கைச் சொல்கிறேன். பாரத்தோடு பத்துத் தொன் நிறையுள்ள லொறியொன்று 300 மீற்றர் உயரத்தை இறங்குகிறது என்று கொள்வோம். அந்த இறக்கத்திலே வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இவ்வளவு வெப்பத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மேல் கியரில் இறங்குபவர் அதன் பெரும்பகுதியைப் பிரேக்கில் கொட்டுகிறார். பிரேக் சூடாகிறது, உராயும் பகுதிகளின் பிடி தளர்கிறது, மிதிக்க மிதிக்கப் பயன் குறைகிறது. கீழ்க் கியரில் இறங்குபவரோ எஞ்சினையே தடையாக்கி, அந்தச் சுமையில் பெரும் பங்கை அதன் மேல் வைக்கிறார். அவருடைய பிரேக் குளிர்ந்தே இருக்கிறது. உண்மையான ஆபத்து வரும்போது அது அவருக்குக் கைகொடுக்கிறது.

ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் விதி. அவ்விதிக்கு இன்னொரு பாதியும் உண்டு. அந்தக் கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே போட்டுவிடு என்பதே அது. லொறி வேகம் பிடித்த பின்னர் கீழ்க் கியரைத் தேடினால், பற்சக்கரங்கள் சேரமாட்டா. மேல் கியரும் கழன்று, கீழ்க் கியரும் விழாமல், லொறி நடுநிலையிலே அநாதையாக ஓடும். பத்திரிகைகளில் பிரேக் செயலிழந்ததனால் விபத்து என்று ஒரு வரி வாசிக்கிறோம். அவற்றுள் சிலவற்றிலேனும், பிரேக் செயலிழந்தது வளைவிலே. தவறு நடந்தது அதற்கு வெகு தூரம் முன்னே, இறக்கத்தின் தலைப்பிலே, ஒரு கியரைக் குறைக்க மனம் வராத ஒரு நொடியிலே.

அந்த மனம் ஏன் வரவில்லை? இங்கேதான் தொழிலறம் பற்றிய கேள்வி எழுகிறது. கீழ்க் கியரிலே இறங்கினால் நேரம் செல்லும். பின்னால் வரும் வாகனங்கள் ஒலியெழுப்பும். சந்தைக்கு முந்திப் போன மற்றொரு லொறியின் மரக்கறி நல்ல விலைக்குப் போய்விடும். சிலர் இதற்கும் ஒருபடி மேலே போய், டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்திலே கியரைக் கழற்றி நடுநிலையில் ஓடவிடுவர். இது ஆபத்தானது மாத்திரமன்று, கணக்கிலும் பிழையானது. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போது, டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் போவதை அதன் பம்பே நிறுத்திவிடுகிறது. நடுநிலையில் ஓடும்போதோ, எஞ்சின் நின்றுவிடாதிருப்பதற்காகச் சிறிதளவு எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் உண்மையில் டீசலையும் செலவழிக்கிறார். உயிரையும் பணயம் வைக்கிறார்.

நேயர்களே, லொறிச் சாரதியின் தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவர் வேலை செய்யும் இடத்தில் மேற்பார்வையாளர் இல்லை. முதலாளி புறக்கோட்டையிலோ தம்புள்ளையிலோ இருப்பார். லொறி றம்பொடை மலையின் வளைவிலே இருக்கும். நள்ளிரவிலே, மழையிலே, கிளீனரும் உறங்கிவிட்ட வேளையிலே, கியரைக் குறைத்தாரா இல்லையா என்பதை அவர் ஒருவரே அறிவார். கிளச்சை அரைகுறையாக மிதித்தபடி ஓட்டினால் அது தேயும். ஆனால் அன்றைக்குத் தெரியாது. கியரை முரட்டுத்தனமாகத் தள்ளினால் பற்கள் சிதையும். ஆனால் மாதக்கணக்கில் தெரியாது. அது வெளிப்படும்போது அந்த லொறியில் வேறொரு சாரதி இருக்கலாம். பழி அவர் மேல் விழலாம். ஆகவே, கியரை மென்மையாக மாற்றுகிறவர் தமக்குப் பின் வரப்போகும், தாம் கண்டிராத ஒருவருக்கும் நேர்மை செய்கிறார். யாரும் காணாத இடத்தில், உடனே பலன் தராத ஒரு நல்வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கே தொழிலறம் என்று பெயர்.

நல்ல சாரதியின் ஓட்டத்தை ஏற்றிய பொருளும் சாட்சி சொல்லும். தக்காளிப் பெட்டிகளின் அடித்தட்டு நசுங்காமல் வந்திருந்தால், முட்டைத் தட்டுகள் சிதறாமல் வந்திருந்தால், அந்த லொறி வெட்டி இழுக்காமல் ஓடியிருக்கிறது என்று பொருள். கியர் மாறியதே தெரியாமல் மாற்றுபவரே கைதேர்ந்தவர். அவரது திறமை வெளியே தோன்றாதபோதே முழுமை அடைகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இனி இதெல்லாம் எதற்கு? தானே கியர் மாற்றும் லொறிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். உண்மைதான். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களிலே தன்னியக்கக் கியர் விற்பனைக்கு வந்தது. லொறிகளிலோ, 2001ஆம் ஆண்டில் சுவீடனின் வொல்வோ நிறுவனம் அறிமுகம் செய்தது போன்ற, கணினியே கிளச்சையும் கியரையும் இயக்கும் அமைப்புகள் பரவின. இன்று மேல்நாடுகளில் விற்பனையாகும் புதிய பெரும் லொறிகளில் பெரும்பாலானவை அத்தகையவையே. அமெரிக்காவிலே தன்னியக்கக் கியர் லொறியில் சோதனை கொடுத்து அனுமதிப்பத்திரம் பெறுபவர், கைக்கியர் உள்ள பெரும் லொறியை ஓட்டக்கூடாது என்று அந்தப் பத்திரத்திலேயே கட்டுப்பாடு விதிக்கிறார்கள். கைக்கியர் என்பது தனியே நிரூபிக்க வேண்டிய திறமையாகிவிட்டது.

இதைக் கண்டு பழைய சாரதிகள் சிலர் வருந்துகின்றனர். புதியவர்களை எள்ளி நகையாடுகின்றனர். கியர் மாற்றத் தெரியாதவன் சாரதியா என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒரு நாளிலே எண்ணற்ற முறை கிளச்சு மிதித்த முழங்காலின் நோவை அறிந்தவர், அந்த நோவு நீங்குவதைக் குறையாகச் சொல்லமாட்டார். களைத்துப்போன மனிதன் தவறவிடும் கியரை, இயந்திரம் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. கடினமாக இருப்பதனாலேயே ஒரு வேலை அறமாகிவிடாது. ஊதிப் புகைந்த அடுப்பிலே சமைத்த தாய்மாருக்கு எரிவாயு அடுப்பு வந்ததனால் அன்பு குறைந்துவிட்டதா?

எனினும், பழையவர்களின் வருத்தத்திலே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கைக்கியர் மனிதனைக் கவனிக்கும்படி கட்டாயப்படுத்தியது. அடுத்து வருவது ஏற்றமா இறக்கமா, வளைவு எவ்வளவு ஒடுங்கியது, பாரம் எவ்வளவு, வீதி நனைந்திருக்கிறதா என்று அவர் எந்நேரமும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கவனம் தவறினால் இரும்பு உடனே அலறிக் கண்டித்தது. புதிய லொறியோ அந்தக் கண்டிப்பைத் தருவதில்லை. வரவிருக்கும் மேடுபள்ளங்களை வரைபடத்திலிருந்து முன்கூட்டியே அறிந்து கியரைத் தெரிவு செய்யும் லொறிகளும் இன்று உண்டு. ஆனால் கயிறு தளர்ந்திருக்கிறதென்பதையும், வீதியோரத்துப் பிள்ளை பந்தைத் தொடர்ந்து ஓடிவரப் போகிறதென்பதையும், தன் கண்ணிமை கனத்துவிட்டதென்பதையும் உணர வேண்டியவர் இன்னமும் சாரதியே. முன்பு இயந்திரம் கட்டாயப்படுத்திய கவனத்தை, இனி அவர் தாமாகவே கொடுக்க வேண்டும். அந்த வகையில் புதியவரின் கடமை எளிதாகிவிடவில்லை, கடினமாகியிருக்கிறது.

இதுவரை சாரதியின் கடமையைப் பேசினேன். அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையைப் பேசாமல் விட்டால் இந்தப் பேச்சு நடுநிலை தவறியதாகிவிடும். பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இரவு பகலாக ஓடவிட்டு, பின்னர் ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்பது நியாயமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகளில், நாலரை மணிநேரம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். பொதுவாக ஒருநாளில் ஒன்பது மணிநேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவி லொறியிலேயே இருக்கிறது. களைப்பு என்பது குணக்குறை அன்று, உடலின் இயல்பு என்பதை உணர்ந்து செய்த சட்டம் அது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும் அவ்வாறே. அச்சு முறியும் வண்டியை வள்ளுவரே உவமையாக்கிக் காட்டினார். ஆயினும் இன்னும் இரண்டு மூட்டை போடு என்று சொல்லும் குரல் நம் களஞ்சியங்களில் ஓய்ந்தபாடில்லை. அந்த இரண்டு மூட்டையின் இலாபம் ஒருவருக்கு. மலையிறக்கத்திலே அதன் தள்ளுகை மற்றொருவருக்கு.

நம் நாட்டின் சாரதிகள் தாங்கியவை பாரம் மாத்திரமல்ல. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்தது. 2002ஆம் ஆண்டிலே திறந்து, 2006ஆம் ஆண்டிலே மீண்டும் மூடி, 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னரே படிப்படியாக வழமைக்குத் திரும்பிற்று. வீதி மூடியபோது ஒரு மூட்டை அரிசியின் விலை என்னவாயிற்று என்பதை வடக்கிலே வாழ்ந்தவர் அறிவர். வீதி திறந்தபோது முதலில் மகிழ்ச்சியைக் கொண்டுவந்தவை லொறிகள். வடக்குக்கும் தெற்குக்கும் இடையே மொழி அறியாதவரும் சந்தித்துக்கொண்டது, வெங்காயம் ஏறி மாவு இறங்கிய அந்த லொறிகளின் பின்தட்டிலேதான். ஒரு வீதி எவ்வளவு பெறுமதி உடையது என்பதை நாம் இழந்து அறிந்தோம். அவ்வீதியில் ஓடும் மனிதரின் பெறுமதியை அறிவதற்கும் அப்படியோர் இழப்பு வர வேண்டுமா?

ஆகவே, மலைவீதியிலே ஒரு லொறி உறுமிக்கொண்டு மெல்ல இறங்குவதைக் கண்டால், பின்னால் நின்று ஒலியெழுப்பி அவசரப்படுத்தாதீர்கள். அது சோம்பலால் மெல்லச் செல்லவில்லை. இறக்கம் தொடங்குமுன் ஒருவர் சிந்தித்திருக்கிறார். கீழ்க் கியரைத் தெரிந்து போட்டிருக்கிறார். தம் நேரத்தில் சிறிது இழந்து உங்கள் உயிருக்கும் காவல் செய்திருக்கிறார் என்பதே அந்த உறுமலின் பொருள். முந்திச் செல்ல இடம் கிடைக்கும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.

லொறி ஓட்டாத நமக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. அலுவலகத்திலும், பள்ளியிலும், வீட்டிலும் நமக்கு இறக்கங்கள் வருகின்றன. வேகம் பிடித்த பின் பிரேக்கைத் தேடுவோர் பலர். இறக்கத்தின் தலைப்பிலேயே கியரைக் குறைப்போர் சிலர். அந்தச் சிலருள் ஒருவராக இருப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. முன்னே நோக்கும் கண்ணும், ஒலியைக் கேட்கும் காதும், யாரும் காணாவிட்டாலும் சரியானதைச் செய்யும் மனமும் போதும்.